நாற்பத்தோராவது வரி

ஆறு மாதமாக அவள் இரண்டு மென்பொருள்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது செயற்கைக்கோள்கள் தங்கள் நிலையத்துக்கு மேலே வரும் நேரத்தை இலவசமானதும், அலுவலகம் காலங்காலமாக நம்பும், விலை கொடுத்து வாங்கியதும் நொடி பிசகாமல் ஒன்றாகவே கணித்தன. இலவசம் மட்டும் நாற்பத்தோராவதாக ஒன்றைச் சேர்த்திருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் எரிந்து விழுந்த அந்தச் செயற்கைக்கோள், மாலை 4.17க்கு வருமாம்.

"ஓசியில வந்தது உளறுதும்மா," என்றார் மேலாளர். "அறிக்கையிலேர்ந்து அந்த வரியை எடு. இல்லேன்னா கையெழுத்துப் போட மாட்டேன். ஆறு மாச உழைப்பும் குப்பைக்குத்தான்."

"இதோட நிரலை வரிவரியா நானே படிச்சிருக்கேன் சார். உங்களோடதை யாராவது திறந்து பாத்திருக்காங்களா?"

4.17க்கு ஆன்டெனாவைத் திருப்பினாள். அதன் பழைய அடையாள எண்ணோடு ஒலிபெருக்கியில் சமிக்ஞை வந்தது. அதன் பேட்டரி முழுதாக இருப்பதாகத் திரை காட்டியது.

"சத்தத்தை நிறுத்தும்மா."

அவள் கூட்டினாள். அறிக்கையில் அந்த வரிக்கு எதிரே 'பிழை இல்லை' என்று எழுதி, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.