ஐந்து பேர் மீதும் ஆட்சேபணை

போர்க் கைதிகளை விசாரிக்கும் ராணுவ நீதிமன்றத்தில் பிலோமினா தட்டச்சர். "உங்களை விசாரிக்கப்போகும் அதிகாரிகள்மீது ஆட்சேபணை உண்டா?" என்ற சம்பிரதாயக் கேள்விக்கு இதுவரை நாற்பது பேரும் இல்லை என்றுதான் சொன்னார்கள், நாற்பது பேருக்கும் தூக்கு. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் 'இல்லை' என்று முன்கூட்டியே அடித்து வைத்திருந்தாள்.

நாற்பத்தோராவது கைதி, ஒல்லி மனிதர், "இருக்கு" என்றார்.

"யார் மேலய்யா?" மேடையில் இருந்த ஐந்து அதிகாரிகளில் மூத்தவரான கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு பேர் மேலயும். என்னைப் பிடிச்சது தை மாசம். இந்தக் கோர்ட்டுக்குச் சட்டம் வந்ததே சித்திரையில. என்னை எதிர்த்து சண்டை போட்டவங்களே எனக்கு நீதிபதியா?"

"யோவ், பெரிய வக்கீலு!" காவலுக்கு நின்ற சிப்பாய் சிரித்தான்.

கர்னல் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தைப் பிரித்து, வாய்விட்டே படித்தார். ஆட்சேபிக்கப்பட்ட அதிகாரி வெளியேற வேண்டும்; மிச்சமிருப்பவர்கள் அந்த ஆட்சேபணைமீது முடிவு சொல்ல வேண்டும். இன்னொரு முறை படித்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பின்னாலேயே மற்ற நால்வரும்.

மேடையில் ஐந்து நாற்காலிகளும் காலி. கைதி சங்கிலியோடு அப்படியே நின்றார்.

"அக்கா, இப்ப யாரு தீர்ப்பு சொல்லுவா?" சிப்பாய் பிலோமினாவிடம் கேட்டான்.

அவள் கைதியையே பார்த்தாள். எப்போது எழுந்து நின்றோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.