பெட்டியில்தான் கோளாறு

"இன்னிக்கும் சத்தம் லேட்டா வந்துச்சுன்னா, இந்தப் பொட்டியைத் தூக்கிக் காவேரியில போட்டுட்டுப் போயிடுவேன், பாத்துக்க!"

திருக்காட்டுப்பள்ளி கல்யாண மண்டபத்தில் காதணி விழா. மேடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பகலவனுக்கு எதிரே அந்தச் சனியன் பிடித்த பெட்டி இருந்தது. ஆம்ப் மாடலர் என்று பெயர். உலகத்திலுள்ள பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் சத்தமெல்லாம் உள்ளே அடக்கமாம். கிடாரைச் செருகிக் காலால் அமுக்கினால் கேட்ட சத்தம் வரும். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆறேழு மாதமாகத்தான் ஆளைப் படுத்தி எடுக்கிறது.

சாப்ட்வேரைப் புதுசாக ஏற்றிப் பார்த்தான். அது, அவன் மெனக்கெட்டுச் சேர்த்து வைத்திருந்த சத்தங்களையெல்லாம் ஒன்று விடாமல் வழித்துத் துடைத்துவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அதையும் செய்தாயிற்று.

"விரலை வைக்கிறது ஒரு நேரம், சத்தம் வர்றது ஒரு நேரம். மனுசன் எப்படிடா வாசிக்கிறது?"

"கை இப்ப எப்படிண்ணே இருக்கு?" கீபோர்டு வாசிக்கும் ஷேக் பரீத் மெல்லக் கேட்டான்.

போன ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையில் பைக்கோடு விழுந்து இடது கை முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கடைசி இரண்டு விரல்களில் சுரணை முழுசாகத் திரும்பவில்லை. அதை யாராவது சொன்னால் பகலவனுக்குப் பொல்லாத கோபம் வரும்.

"கைக்கு என்னடா கேடு? பொட்டியிலதான் கோளாறு!"

பரீத் தன் கீபோர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்தக் கச்சேரிக் குழுவே பகலவன் ஆரம்பித்தது. கூத்தாநல்லூரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த பரீத்தை மேடையேற்றி, கிடார், வயலின் என்று எல்லா வாத்தியமும் பேசுகிற கீபோர்டை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அவனை எதிர்த்துப் பேச அங்கே யாருக்கு வாய் வரும்?

"நீங்க பாட்டுக்கு வாசிங்கண்ணே, நான் பாத்துக்குறேன்" என்றான் சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த அன்சார்.

"கேபிள் ஒண்ணுதான்டா மாத்தாம பாக்கி. புதுசு வாங்கியாந்துட்டேன்."

பெட்டியிலிருந்து இரண்டு ஒயர் போகும். ஒன்று பகலவனின் காதை இறுக்கி அடைக்கிற ஹெட்போனுக்கு. இன்னொன்று அன்சாரின் மிக்ஸருக்கு. அங்கிருந்துதான் மண்டபத்து ஸ்பீக்கருக்குச் சத்தம் போகும்.

செல்போன் அடித்தது. மனைவி வானதி.

"என்னங்க, மத்தியானத்துக்குள்ள மில்லுக்குப் பதில் சொல்லணுமாம். எங்க அண்ணன், மில்லு முதலாளி பக்கத்துலயே உக்காந்திருக்காரு."

ஒரத்தநாடு அரிசி மில்லில் மச்சான் பிடித்துக் கொடுத்த மேற்பார்வை வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். கச்சேரியை மட்டும் நம்பினால் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது என்று பகலவனுக்கும் தெரியும். ஆனால் மில்லுக்குப் போனால் கிடார் அவ்வளவுதான்.

"கச்சேரி முடியட்டும் வானதி. இன்னிக்கும் சரியா வரலைன்னா சத்தியமா மில்லுக்குப் போயிடுறேன்."

போனை வைத்துவிட்டு, மிக்ஸருக்குப் போகிற பழைய கேபிளைப் பிடுங்கி எறிந்தான். பையைத் திறந்தான். அதற்குள் வாசலில் வெடிச் சத்தம் காதைப் பிளந்தது.

"தாய்மாமன் சீர் வந்தாச்சு! பாட்டை ஆரம்பிங்கப்பா, மாமன் பாட்டு!" விழா வீட்டுக்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

அடித்துப் பிடித்துக்கொண்டு ஹெட்போனை மாட்டி, கிடாரைத் தோளில் போட்டான் பகலவன். சீர்வரிசைத் தட்டுகள் உள்ளே வர, பாட்டு தொடங்கியது.

ஐயோ, மறுபடியும் அதே கதைதான். ஹெட்போனில் சத்தம் பின்தங்கி இழுத்தது. பாட்டின் நடுவே கிடார் மட்டும் தனியாக வாசிக்கிற இடத்தில் இரண்டு சுரம் விழவே இல்லை. எல்லாம் முடிந்தது, இனி மில்லுதான் என்று நினைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினான்.

மண்டபம் கைதட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெரிசு நாற்காலி மேலேறி விசிலடித்தது.

கச்சேரி முடிந்ததும் தாய்மாமனே மேடையேறி, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பகலவனுக்குப் போர்த்தினார். "அந்தக் கிடார் பிட்டு இருக்கே, அடடா! போன மாசம் எங்க சொந்தக்காரங்க வீட்லயும் உங்க கச்சேரிதான். அன்னிக்கு மாதிரியே, ஒரு இழை பிசகலங்க!"

பகலவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் தாமதமெல்லாம் ஹெட்போனில்தான்! வெளியே போகிற சத்தம் சுத்தம். கேபிளை மாற்றியதும் இன்னும் துலங்கிவிட்டது. கையிலும் குறையில்லை, ஒன்றிலும் குறையில்லை!

ஓரமாகப் போய் வானதிக்குப் போன் போட்டான்.

"மில்லுல வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடு."

"நல்லா யோசிச்சீங்களா? இன்னொருத்தர் அங்கயே காத்துக்கிட்டு நிக்கிறாராம்."

"கைதட்டை நீ கேட்டிருக்கணும்டி! சொல்லிடு."

சற்று நேரத்தில் அவளே திரும்ப அழைத்தாள். "சொல்லிட்டேங்க. அவரைச் சேத்துக்கிட்டாங்களாம்." அவள் குரலில் உயிரே இல்லை. பகலவன் அதைக் கவனிக்கவில்லை.

பந்தியில் கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சீட்டியடித்தபடி பெட்டியை மூட்டை கட்ட உட்கார்ந்தான். ஹெட்போனைக் கழற்றினான். புதுக் கேபிளைக் கழற்றப் பெட்டியின் பின்பக்கம் கையை விட்டுத் துழாவினான். கேபிள் தட்டுப்படவில்லை. எட்டிப் பார்த்தான். மிக்ஸருக்குப் போகிற ஓட்டை காலியாக இருந்தது.

பையைத் திறந்தான். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், புதுக் கேபிள் அப்படியே உள்ளே இருந்தது. மேடையின் மறுகோடியில் பரீத், தலையை நிமிர்த்தாமல் கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தான்.