பத்தொன்பதாவது மாத்திரை

முதல் அடி ஆக்சிஜன் மாஸ்க்கின் மேல் விழுந்தது. இரண்டாவது அடி விழும்போது மாஸ்க் முகத்தில் இல்லை.

லாரி இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற புருஷனின் கை அது. உதடு கிழிந்து போர்வையில் ரத்தம் சொட்டியது. மனைவி கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டுமே.

"எத்தன நாளாச்சுடி மாத்திரைய நிறுத்தி?"

அவனுடைய இன்னொரு கையில் அவளுடைய லேப் சீட்டு கசங்கியிருந்தது. நூற்று முப்பத்தெட்டு.

இருவருக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்து ஒன்பது வருடம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுப்பார்கள். உடம்பில் எதிர்ப்புச் செல்கள் எத்தனை என்று சீட்டு வரும். அதைப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்பார்கள். அந்த எண்தான் அவர்களுக்கு நல்ல காலமும் கெட்ட காலமும். போன தடவை அவளுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு.

இப்போது கொரோனா வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவனுக்கு வெறும் காய்ச்சல், அவளுக்கு மூச்சுத்திணறல். நேற்று ரத்தம் எடுக்க வந்தபோது அவள் கையை நீட்டினாள். அவன், காய்ச்சல் விடட்டும் பார்க்கலாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மாத்திரையை விட்டால்தான் எண் இப்படிப் பாதாளத்துக்குப் போகும். அதில் அவனுக்குத் துளிச் சந்தேகம் இல்லை.

தலையணைக்கடியில் இருந்த அவளது மாத்திரை டப்பாவைப் பிடுங்கி அவள் முகத்திலேயே வீசினான். மூடி தெறித்து மாத்திரைகள் தரையெல்லாம் உருண்டன. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கட்டில் கம்பியில் மோதினான். கம்பி அதிர்ந்தது. மறுபடியும் மோதினான்.

மூன்றாவது தடவைக்குள் நர்ஸ் ஓடி வந்து பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்து இழுத்தாள். காவலாளி அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினார். சலைன் ஸ்டாண்ட் சாய்ந்து பாட்டில் உடைந்தது.

நர்ஸ் முதலில் மாஸ்க்கை மாட்டிவிட்டாள். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"கொரோனா வந்தா அந்த எண் யாருக்கா இருந்தாலும் விழும்யா. உடம்பு தேறினா தானா ஏறும். அதுக்குக் கீழயே எச்.ஐ.வி. கிருமி எவ்வளவுன்னு போட்டிருக்கே, படிச்சியா? தேடினாலும் கிடைக்காத அளவு. ஒரு வேளகூட விடாம சாப்பிட்டாத்தான் அப்படி வரும்."

அவன் நம்பவில்லை. காவலாளி பிடியைத் தளர்த்தியதும் முழங்காலிட்டு மாத்திரைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். மாதத்துக்கு முப்பது, இரவுக்கு ஒன்று. பதினோரு இரவு போயிருக்கிறது. பத்தொன்பது இருக்க வேண்டும்.

பதினெட்டுதான் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டவன் போல் நிமிர்ந்தான்.

காவலாளி தன் ஷூவைத் தூக்கிக் காட்டினார். அடியில் நசுங்கிய நிலையில் பத்தொன்பதாவது.

வார்டே அவனைப் பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை. குனிந்து, கட்டிலுக்கடியில் இருந்த பையைத் துழாவி இன்னொரு டப்பாவை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, துணி எடுத்து வைக்கும்போது, அவன் சட்டைகளுக்கு அடியில் அகப்பட்டது. இந்த நிமிடம் வரை அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இதையும் எண்ணிப் பாருங்க."

எண்ண வேண்டிய அவசியமே இல்லை. சீல் பிரிக்கப்படவில்லை. மேலே ஒட்டியிருந்த சீட்டில் நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே அவன் பெயர்.