பதினோராவது தடவை

“இது குப்பைன்னு உங்க வாயால சொல்லணும். அதைக் கேட்காம நான் இங்கேருந்து போகமாட்டேன்.”

பிளாஸ்டிக் உறையோடு கைத்துப்பாக்கியைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துவிட்டு அந்தப் பெண் நகராமல் நின்றாள். பெயர் நோரீன். இரண்டு மாவட்டம் தாண்டி, மூன்று மணி நேரம் தனியாக வண்டி ஓட்டி வந்திருந்தாள்.

ஹார்லனுக்குச் சுருக்கென்றது. கென்டக்கி மலைப்பக்கத்தில் இருபத்தாறு வருஷமாகத் துப்பாக்கிக் கடை நடத்துகிறவர். விலை குறைந்த சரக்குதான் அவரிடம் அதிகம். ‘குப்பைக் கடை’ என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறவர்கள் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

“எப்போ வாங்கினது?”

“ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டுக்குக் காவலா இருக்கட்டும்னு என் வீட்டுக்காரர் உங்க கடையிலதான் வாங்கினார். நூத்தி அறுபது டாலர்.”

“என்ன கோளாறு? தோட்டா சிக்குதா?”

“மேஜையிலேருந்து கீழே விழுந்து தானா வெடிச்சிடுச்சு.”

ஓரத்து ஸ்டூலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த கிளைட் வாய்விட்டுச் சிரித்தான். ஹார்லனின் பழைய சிநேகிதன். இடுப்பில் எப்போதும் ஆயிரம் டாலர் துப்பாக்கி இருக்கும். “அந்த விலைக்கு அது வெடிச்சதே பெரிய விஷயம்மா!”

“நீ சும்மா இரு,” என்று அதட்டிவிட்டு ஹார்லன் அவள் பக்கம் திரும்பினார். “யாருக்காவது அடிபட்டுதா?”

அவள் உறையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“இதோ பாருங்கம்மா. இது கனமா இருக்கும், பார்க்க அசிங்கமா இருக்கும். எஃகுக்குப் பதிலா மலிவான உலோகத்துல வார்த்திருக்காங்க, அதான் விலை கம்மி. வேலையில குறை கிடையாது. ஓட்டல்ல தட்டு கழுவிட்டுத் தனியா வீட்டுக்குப் போற பொண்ணு ஆயிரம் டாலருக்கு எங்கே போவா? அவ உயிரும் உயிர்தானே? அவளுக்குப் போய்க் குப்பையைக் கொடுப்பேனா?”

“அப்போ விழுந்தா வெடிக்காதா?”

“வெடிக்காது. ஒரு விரல் விசையை இழுக்கணும்.”

அவள் முகம் வெளிறியது. “போட்டுக் காட்டுங்க.”

ஹார்லன் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். உள்ளே எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார். குண்டு நீக்கிய வெற்றுத் தோட்டா ஒன்றைப் போட்டார். வெடித்தால் சத்தம் மட்டும் வரும். மேஜை உயரத்திலிருந்து கையை விட்டார்.

தொம். வேறு சத்தமில்லை.

பிடி கீழே இருக்கும்படி ஒரு தடவை. குழல் கீழே இருக்கும்படி ஒரு தடவை. பக்கவாட்டில், தலைகீழாக. ஒவ்வொரு தடவையும் நோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் தோள் தளர்ந்தது.

“பத்து ஆச்சு. போதுமா?” ஹார்லன் குரலில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

“இன்னும் ஒரே ஒரு தடவை.”

“விடமாட்டா போலிருக்கே,” என்று முணுமுணுத்தான் கிளைட். “நஷ்டஈடு கேக்கச் சொல்லி எந்த வக்கீல் அனுப்பினானோ!”

துப்பாக்கியைத் திரும்ப வைக்க ஹார்லன் உறையை எடுத்தார். அதன் பின்பக்கம் மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃபின் அலுவலகச் சீட்டு ஒட்டியிருந்தது. நான்கே வரி. படித்தார். கடைசி வரியில் அவர் கண் நின்றுவிட்டது.

தலை நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது. “இது மரத்தரை. உள்ளே கான்கிரீட். அங்கே ஒரு தடவை பார்த்துடறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறைக்குப் போனார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நோரீன் மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

பட்!

கிளைட்டின் கையில் காப்பி தளும்பியது. ஹார்லன் வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“பதினோராவது தடவை வெடிச்சிடுச்சும்மா. உள்ளே கொக்கி தேஞ்சு போயிருக்கு. நீங்க சொன்னதுதான் சரி. இது குப்பை. நான் வித்திருக்கக் கூடாது.”

“எழுதித் தருவீங்களா?”

கிளைட் துள்ளி எழுந்தான். “டேய் ஹார்லன், பைத்தியமா உனக்கு? கையெழுத்துப் போட்டே, கடையை இழுத்து மூட வேண்டியதுதான்!”

ஹார்லன் கடையின் பெயர் அச்சடித்த தாளை உருவி எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். “துப்பாக்கி இங்கேயே இருக்கட்டும். யார் கையிலும் இது போகக் கூடாது.”

நோரீன் தாளைப் படித்தாள். மறுபடி படித்தாள். மேஜைமேல் சாய்ந்தாள்.

“நஷ்டஈடெல்லாம் வேண்டாம் சார். ஆறு மாசமா என் வீட்டுக்காரர் யார்கிட்டயும் பேசறதில்லை, இதை அவர்கிட்ட காட்டணும். ஷெரிஃப் ஆபீஸ்ல ‘தற்கொலை’ன்னு எழுதிட்டாங்க. எங்க பையன் ட்ராவிஸ் அப்படிப் பண்ணமாட்டான், கீழே விழுந்துதான் வெடிச்சிருக்கும்னு நான் ஒருத்திதான் சொல்லிட்டிருந்தேன்.”

உள்ளறையில் துப்பாக்கி கீழே விழவே இல்லை, விசையை இழுத்தது தன் விரல்தான் என்பதை, ‘குப்பைக் கடை’ என்று ஊரே முகத்துக்கு நேரே சிரித்தபோதுகூட ஹார்லன் யாரிடமும் சொல்லவில்லை.