காயாத பட்டி

"பட்டி இன்னும் காயலை சார்," என்றார் பெயிண்டர், அந்தப் பழைய காரின் கதவில் பள்ளங்களை அடைத்திருந்த பூச்சைத் தடவிப் பார்த்தபடி.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க! இந்தக் கார் பொறந்ததே நீலத்துல. நீலம் அடிச்சு முடிங்க," என்றார் கணவர்.

"பொறந்தப்போ எப்படி இருந்தா என்ன? பச்சைதான்," என்றாள் மனைவி.

"வெட்டுக்கிளி மாதிரி இருக்கும்."

"உங்க நீலத்துக்கு அது தேவலை!"

பெயிண்டர் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்குள்ள இன்னொரு தடவை தேய்ச்சு வைக்கிறேன்."

"இந்த ஆளு நம்மளை நல்லா ஏய்க்கிறாரு," என்று மனைவி முணுமுணுத்தாள்.

"நானும் அதான் நினைச்சேன்," என்றார் கணவர். இருவரும் வாய் ஓயாமல் பெயிண்டரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குள் போனார்கள்.

பெயிண்டர் செல்போனை எடுத்து அவர்களுடைய மகளை அழைத்தார்.

"பட்டி காய்ஞ்சு கல்லாயிடுச்சும்மா. இனிமே சொல்றதுக்குச் சாக்கே இல்லை. ஏதாவது ஒரு கலரை அடிச்சிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்ணே! ரெண்டு வருஷமா முகம் கொடுத்துப் பேசாதவங்க, இப்பதான் சண்டை போடுற அளவுக்கு வந்திருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள் இழுங்க. நாளைக்கு நான் வந்து சிவப்புன்னு கிளப்பி விடுறேன்!"