பேட்டரி தீர்ந்துபோகும் நேரம்

மகனும் மருமகளும் மின்சார சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது மணி ஏழரை.

மாமியார் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான். பேட்டரி மறுபடியும் காலை வாரிவிட்டதாம்.

இந்த வாரத்தில் இது நான்காவது முறை.

இருவருக்கும் ஒரே மருந்து கம்பெனியில் வேலை. அவன் இயந்திரம் பார்க்கிறான், அவள் பெட்டியில் மாத்திரை அட்டைகளை அடுக்குகிறாள். பின்னால் மனைவியை உட்காரவைத்து ஓட்டினால் இருபதே நிமிடம் என்று சொல்லித்தான் வண்டியை வாங்கினான். காலையில் அந்தச் சொல் தவறுவதில்லை. மாலையில் மட்டும் ஒன்றரை மணி நேரம்.

காலையில் குதிரை, மாலையில் கழுதை. இப்படியொரு வண்டியை மாமியார் கேள்விப்பட்டதே இல்லை.

மாமனார் வாரண்டி அட்டையைத் தேடி எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"விடியட்டும், இதக் கடைக்காரன் தலையிலயே கட்டிட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் பழையபடி கம்பெனி பஸ்ஸுலயே போங்க."

மருமகளின் முகம் சட்டென்று வாடியது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவள் எதற்கும் முகம் வாடி மாமியார் பார்த்ததில்லை.

அத்தனை தூரம் வண்டியைத் தள்ளி வந்தவன் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

மகன் கால் கழுவப் போனான். தினமும் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போடுவது அவன்தான். வேறு யாரையும் தொட விடமாட்டான். இன்று மாமியாரே கழற்றி உள்ளே எடுத்து வந்தாள். பக்கவாட்டில் இருந்த, சார்ஜ் அளவைக் காட்டும் பொத்தானை அழுத்தினாள்.

நான்கு விளக்குகளில் மூன்று பளிச்சென்று பச்சையாக எரிந்தன.

அவள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு அறை, ஐந்து பேர். கூடத்தில் மாமனாரின் டிவி செய்திச் சத்தம். உள்ளே பரீட்சைக்கு உரக்கப் படிக்கும் சின்ன மகள். நடுவில் ஒரு திரைச்சீலை.

விளக்குகள் சுவரைப் பார்க்கும்படி பேட்டரியைத் திருப்பிவைத்துச் சார்ஜ் போட்டாள்.

"கடைக்கெல்லாம் போக வேணாங்க. புது வண்டிதானே, பழக நாளாகும்."

பிறகு சமையலறைக்குள் வந்து, மருமகளின் காதருகே குனிந்தாள்.

"நாளைக்கும் பேட்டரி தீர்ந்துடுமாம்மா? சொல்லிட்டா, அடுப்ப மெதுவாப் பத்த வெப்பேன்."

மருமகள் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீர்ந்துடும் அத்தை."