மாடியிலிருந்து விழும் காட்சி

"புதுப்படம் எப்படிப்பா?"

மகள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அப்பா தியேட்டருக்குக் கிளம்பியதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சிரிப்புக்குக் குறைச்சலே இல்ல. பறக்கிற வீரன் லிஃப்டுல மாட்டிக்கிட்டு முழிக்கிறப்ப தியேட்டரே அதிருது. வில்லன்தான் நோஞ்சான். இதே கதையை முன்னாடி எடுத்த பழைய படத்துல அவன் பார்வையே பயமுறுத்தும். ரெண்டாம் பாதி ஒரே ஜவ்வு."

"மாடியிலேருந்து விழுற சீன்?"

அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார்.

"பழைய படத்துல ஹீரோவுக்குப் பதிலா விழுந்தது உங்கப்பன். அன்னிக்குப் போன கால் இது."

"தெரியும்பா. இதுல எப்படி?"

"பழசைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. முகமூடி போட்ட ஆள் குதிக்கிறதுக்கு முன்னாடி முட்டியை ரெண்டு தட்டுத் தட்டுது. நான் தட்டுவேனே, அச்சு அசல் அதே மாதிரி."

"உங்களைப் பார்த்து யாராவது கத்துக்கிட்டிருப்பாங்க."

"ஆமா. ஆபீஸ் டூர்னு எங்கிட்ட புளுகிட்டுப் போய்க் குதிச்சிருக்கு."

அவள் தலை குனிந்தாள். அப்பா அவள் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினார்.

"சாப்பிடு. அடுத்த ஷூட்டிங்குக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. கீழே மெத்தை ஒழுங்கா போட்டிருக்கானுங்களான்னு நான் பார்க்கணும்."